குழாயில் வரும் ஆறு



கேரளத்தில் உள்ள பெரிய நகரம் கொச்சி. அதில் மட்டாஞ்சேரி ஒரு பழைய பகுதி. மிளகு, இஞ்சி, ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். தமிழ் பேசும் குடும்பங்களும் அந்தப் பக்கம் பல தலைமுறையாக வாழ்கின்றன.

மட்டாஞ்சேரியின் ஓரத்தில் காயல். கொஞ்சம் தள்ளிப் போனால் கடல். எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஆனால் குடிக்க முடியாது. எல்லாம் உப்பு. கிணறு தோண்டினாலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான்.

அப்படியானால் அந்த ஊர் மக்கள் எதைக் குடித்தார்கள்?

வடக்கே ஆலுவா என்ற ஊர். அங்கே பெரியாறு ஓடுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரை வள்ளங்களில் கொண்டுவந்தார்கள். வள்ளம் என்றால் படகு. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டும். காசு இல்லாத ஏழைகள் என்ன செய்வார்கள்?

அந்தக் காலத்தில் கொச்சியில் யானைக்கால் நோய் அதிகம். கெட்ட தண்ணீர் குடிப்பதால் அது வருகிறது என்று பலர் நினைத்தார்கள். உண்மை வேறு. சாக்கடைத் தண்ணீரில் வளரும் கொசு கடித்துத்தான் அது பரவுகிறது.

பிறகு குழாய் வந்தது. இன்று குழாய்த் தண்ணீர் கொடுப்பது கேரள வாட்டர் அத்தாரிட்டி. இது 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ஏற்பட்டது. இது மாநில அரசின் அமைப்பு.

ஆற்றுத் தண்ணீர் குழாய்க்கு எப்படி வருகிறது? முதலில் மோட்டார் தண்ணீரை இறைக்கிறது. அதில் படிகாரம் சேர்க்கிறார்கள். கலங்கல் அடியில் தங்குகிறது. பிறகு மணல் வழியாக வடிகட்டுகிறார்கள். கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். பிறகு பெரிய தொட்டிகளில் தேக்குகிறார்கள். அங்கிருந்து தெருக் குழாய்களுக்கு விடுகிறார்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்கும். அந்த வேகம்தான் கடைசி வீடு வரை தண்ணீரைத் தள்ளுகிறது.

இதில் ஒன்று கெட்டாலும் ஊர் தவிக்கும். 2023-ஆம் ஆண்டு சனவரி கடைசியில் அதுதான் நடந்தது. மூவாற்றுப்புழை ஆற்றங்கரையில் பாழூர் என்ற இடத்தில் பம்பு நிலையம் உண்டு. அங்கே மூன்று மோட்டார்களில் இரண்டு பழுதாயின. மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் தவித்தார்கள். லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்துக் கிடந்தார்கள். பாழூர் எங்கே, மேற்குக் கொச்சி எங்கே? ஆனாலும் குடம் காலியானது.

2025 நவம்பரில் கொச்சி தம்மனத்தில் இன்னொரு விபத்து. ஒரு கோடி லிட்டருக்கு மேல் கொள்ளும் பழைய தொட்டி அது. அதன் ஒரு பக்கச் சுவர் உடைந்தது. அதிகாலையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. குடிக்க வேண்டிய தண்ணீர் தெருவில் ஓடியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தொட்டி கட்டினால் மட்டும் போதாது. மோட்டாரையும் சுவரையும் குழாயையும் அடிக்கடி பார்க்க வேண்டும். பழுதானால் உடனே சரிசெய்ய வேண்டும். அது அதிகாரிகளின் கடமை. அதைக் கேட்பது மக்களின் உரிமை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உடைந்த குழாயில் தண்ணீர் வெளியே கசிகிறது. தண்ணீர் நின்றதும் அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே போகிறது. அடுத்த முறை குழாயைத் திறந்தால் அதுவும் சேர்ந்து வரும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் இப்படியும் பரவும்.

ஆகவே தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். ஆனால் கொதிக்க வைத்தால் உப்பு போகாது. இதையும் நினைவில் வையுங்கள். பாத்திரத்தை மூடி வையுங்கள். கையை விடாமல் அகப்பையால் மொண்டு எடுங்கள்.

தெருவில் குழாய் உடைந்திருக்கிறதா? பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். எந்தத் தெரு, எந்த நாள் முதல் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தெருவில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கைநாட்டு வைத்த கை இன்று எழுதுகிறது. அந்தக் கை முதலில் தண்ணீருக்காக எழுதட்டும்.