சீராக ஏறும் ஒளி

மாரிகாலத்தில் மாவடிப்பள்ளித் தாம்போதியின் ஓரத்தில் அளவுகோல் ஒன்று நாட்டப்பட்டிருப்பதாக நேயர்கள் எண்ணிக்கொள்வார்களாக. வெள்ளம் மணிக்கு 1 அங்குலமாகச் சீராக ஏறுமாயின், முன்னர்க் குறித்த அளவுக்கும் பின்னர்க் குறித்த அளவுக்கும் 3 அங்குலம் வேற்றுமை காணும்போது, கழிந்தது 3 மணி நேரம் என்று கடிகாரம் பாராமலே கூறிவிடலாம். வெள்ளம் தன் மனம்போல ஏறினாலோ கணக்குப் பொய்த்துவிடும்.

லேசர் ஒளியால் தூரம் அளக்கும் ஒரு முறையும் இக்கணக்கையே நம்பியுள்ளது. அங்கே ஏறுவது நீரன்று. ஒளியின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகை. சுவரிற் பட்டு மீளும் ஒளி சற்று முன்னர்ப் புறப்பட்டதாதலின், அதன் மீடிறன் குறைந்திருக்கும். அதனை அக்கணம் புறப்படும் ஒளியோடு கலந்தால், இரண்டின் வேற்றுமையும் 'அடிப்பு' என்னும் மின்துடிப்பாக வெளிப்படும். அடிப்பை எண்ணினால் தூரம் தெரியும்.

1962இல் அமெரிக்காவில் முதன்முதல் ஒளிர்ந்த குறைகடத்தி லேசர் இதற்கு வாய்ப்பான கருவி. நெல்மணியினும் சிறியது, மின்னோட்டத்தை மாற்றினாலே அதன் மீடிறன் மாறும். ஆனால், அம்மாற்றத்திற் பெரும்பங்கு சூட்டினால் விளைவது. சூடோ உடனே பரவுவதில்லை. ஆகவே மின்னோட்டம் சீராக ஏறினாலும் மீடிறன் சீராக ஏறாது. ஒரே சுவர் பல அடிப்புகளைத் தந்து மங்கிப்போகும். வீதியிலுள்ள தடையைத் தானே கண்டு ஒதுங்கவேண்டிய வாகனத்துக்கு இது சிறு பிழையன்று.

லேசரின் கோணலை முன்கூட்டியே அறிந்து, அதற்கு எதிர்க்கோணலாக மின்னோட்டத்தை வளைத்துக் கொடுப்பது ஒரு பரிகாரம். அது மட்டும் போதாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று கலிபோர்ணியா சென்ற நரேஷ் சத்யனும், பேராசிரியர் அம்னோன் யாரிவ் முதலியோரும் 2009இல் வெளியிட்ட முறை, ஒளியைக்கொண்டே ஒளியைத் திருத்துவது. லேசரொளியிற் சிறு பகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று சற்று நீண்ட வழியாற் சென்று மற்றதோடு கலக்கும். ஏற்றம் சீராயின் அங்கெழும் அடிப்பு மாறாது. மாறினால், நிலையான ஆதார அலையொன்றோடு அது ஒப்பிடப்பட்டு, பிழையின் அளவுக்கு மின்னோட்டம் அக்கணமே திருத்தப்படும். தறியில் இழை தளர்வதைக் கைவிரலால் உணர்ந்து நெசவாளி இழுத்துவிடுவது போன்றதே இது.

இவ்வாறு, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மீடிறன் 10,000 கோடி அதிர்வுகள் சீராக ஏறியது. அவ்வேகத்தில், ஒன்றரை மீற்றர் தொலைவிலுள்ள சுவர் செக்கனுக்குப் பத்து இலட்சம் அடிப்புகளைத் தரும். ஏற்றத்தின் நெடுக்கம் பெரிதாகப் பெரிதாக நுட்பம் கூடும் என்பது உண்மையே. சீர்மை இல்லையேல் அந்நெடுக்கம் விழலுக்கு இறைத்த நீர்தான். சத்யன் குழுவினரின் கருவி 1.5 மில்லிமீற்றர் இடைவெளியையும் பிரித்தறிந்தது. ஆதார அலையை மாற்றியபோது, லேசரும் அவர்கள் வேண்டிய வடிவில் ஏறிற்று.