முகம் காணாத பரிசில்



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. ஊதியமும் அதிகாரமும் இல்லாத அமைப்பு இது. பாய் விரிப்பவர், ஒலிபெருக்கி கட்டுபவர், அழைப்பிதழைச் சுமந்து வீடுவீடாகச் செல்பவர், ஆண்டுக் கட்டணத்தைத் தவறாது தருபவர் ஆகியோரின் விருப்பமே இதன் வேர். அவ்விருப்பம் எதனால் வளர்கிறது, எதனால் வாடுகிறது என்பதே இவ்வுரையின் பொருள். விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரியின் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்கள் இரண்டே போதும்.

முதலாவது 208ஆம் பாடல். பெருஞ்சித்திரனார் நெடுவழி கடந்து பரிசில் நாடி வந்தார். அதியமான் அவரை நேரில் காணாது பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்றாரல்லர். தம்மைக் காணாத மன்னன் தம்மை எங்ஙனம் அறிந்தான் என வினவினார். தகுதியறிந்து பேணித் தருவது தினையளவே ஆயினும் இனியது என்றார். அவர் வறுமையை நன்கு அறிந்த புலவர் என்பது நினைக்கத்தக்கது. பொருள் குறைந்ததால் அவர் வருந்தவில்லை. தம்மை எவரும் காணவில்லையே என்றுதான் வருந்தினார்.

மற்றொன்று 91ஆம் பாடல். நெல்லிக்கனி பெற்ற ஔவையார் அதே அதியமானை வாழ்த்துகிறார். வள்ளல் என்று பொதுப்படப் புகழ்ந்து அவர் அமையவில்லை. அக்கனி மலைப்பிளவில் அரிதிற் பெற்றது என்பதையும், அதன் பயனை அவன் தன் நெஞ்சிலேயே அடக்கிக்கொண்டு ஈந்தான் என்பதையும் எடுத்துரைக்கிறார். கொடுத்தவன் தன் செயலின் அருமையை மறைத்தான். பெற்றவர் அதனை வெளிப்படுத்தினார். நன்றி கூறலின் இலக்கணம் இதுவே. இத்தகைய உறவே பின்னர் ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது செல்லச் செய்தது. அதியமான் மாய்ந்தபோது அவனுக்காகக் கையறுநிலை பாடவும் செய்தது.

இப்பாடல்கள் நம் கைக்குக் கிடைத்த வரலாறும் நன்றியின் வரலாறே. 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சிந்தாமணியின்பால் ஆற்றுப்படுத்தினார். ஐயர் அவ்வுதவியைத் தம் வரலாற்றில் விரிவாகப் பதிந்தார். ஏடு கொடுத்தோரைத் தம் முகவுரைகளில் பெயர் சுட்டிப் போற்றினார். கல்லூரிப் பணி கிடைக்கத் துணைநின்ற தியாகராச செட்டியாரின் பெயரைச் சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கே சூட்டினார். ஏடுகள் அவரைத் தேடி வந்தமைக்கு அவர்தம் புலமை ஒரு காரணம். கொடுத்தவர் பெயர் அவரிடம் மறையாது என்னும் நம்பிக்கையும் துணைபுரிந்திருக்கும் எனக் கருதலாம்.

நம் விழாக்களில் நடப்பது யாது? சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடை; ஏனையோர்க்கு, கூட்டம் கலையும் வேளையில், “உதவிய அனைவருக்கும் நன்றி” என்னும் ஒரே தொடர். இதுவும் முகம் காணாத பரிசிலே. ‘அனைவர்’ என்னும் சொல்லில் எவரும் தம் முகத்தைக் காண்பதில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒருவர் வாராதபோது, அவர் ஆர்வம் குன்றியது என்கிறோம். அவரை நாம் கண்டோமா என வினவுவதில்லை.

செய்யத்தக்கவை சிலவே. இன்னார் இன்னது செய்தார் எனக் கூறுதல் வேண்டும். அதனைக் காலத்தே கூறுதல் வேண்டும். அடுத்த நன்கொடை கேட்கும்போது மட்டும் பாராட்டு நினைவுக்கு வருமாயின், அது வாணிகம் ஆகிவிடும். தொண்டர்தம் கருத்தையும் கேட்டல் வேண்டும். பணியை மட்டும் பெற்றுக் கருத்தைக் கேளாமை அரைகுறை மதிப்பே. நிறைவாக, எழுதி வைத்தல் வேண்டும். இப்பத்தாண்டு மலரில் கவிதைக்கும் கட்டுரைக்கும் பக்கங்கள் உள்ளன. பாய் விரித்தவர்க்கும் பந்தலிட்டவர்க்கும், பெயரும் பணியும் குறித்த ஒரு பக்கம் ஒதுக்கப்படுமாயின், வரும் தலைமுறை முதலில் புரட்டுவது அப்பக்கமாகவே இருக்கும்.

தகடூர் மண் நெல்லியை மட்டும் தரவில்லை; அதனைப் பெற்றவர் எங்ஙனம் பேச வேண்டும் என்பதையும் தந்தது.