கால்கள் ஓடின, கதவு திறக்கவில்லை!



விளையாட்டைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். அங்கிருந்த நாட்களிலும் வெளியே போன பந்தை எடுத்து வீசியதைத் தவிர ஆடுகளத்தில் வேறு சாதனை புரியாதவன். ஆனாலும் பேச வந்திருக்கிறேன், பந்தைப் பற்றியல்ல, பந்தை உதைத்த ஒரு மனிதனைப் பற்றி. நான் எழுதும் நாடகத்தில் இப்படியொரு பாத்திரத்தை மேடையேற்றினால், 'மிகைப்படுத்திவிட்டான் ஆசிரியன்' என்று நீங்களே கைகொட்டி நகைப்பீர்கள். ஆனால் நடந்ததோ உண்மை!

சாகிர் பெலூனிஸ் என்பது அவர் பெயர். பிரெஞ்சு நாட்டவர், அல்ஜீரிய வழிவந்த குடும்பத்தவர். உலகக் கோப்பையைத் தோளிலே தூக்கிய மாவீரரல்லர். சிறு சிறு கிளப்புகளிலே ஆடிப் பிழைத்த, உங்களையும் என்னையும் போன்ற உழைப்பாளி. 2007ஆம் ஆண்டு கத்தார் நாட்டின் தலைநகர் தோகாவுக்கு வந்தார். அந்நாட்டுப் படையைச் சார்ந்த எல் ஜைஷ் கிளப்பில் ஆடினார்; தலைவராகவே விளங்கினார்; இரண்டாம் பிரிவிலே கிடந்த அக்குழு முதற்பிரிவுக்கு ஏற, வியர்வை சிந்தினார். குழு ஏறியது! ஏற்றிவிட்டவர் என்ன ஆனார்? மேலே இடமில்லை, கீழே போய் ஆடு என்று வேறொரு இரண்டாம் பிரிவுக் கிளப்புக்கு இரவலாக அனுப்பப்பட்டார். ஏணியின் கதை இது, தோழர்களே! மாடி ஏறியவனுக்கு ஏணியின் நினைவேது?

போகட்டும், ஊதியமாவது வந்ததா? 2015 வரை செல்லும் ஒப்பந்தம் அவர் கையிலே இருந்தது. மாதங்கள் வந்தன, போயின. பணம் வரவில்லை என்று முறையிட்டார். முறையீடு செவியேறாதபோது, 2013இல் வழக்குத் தொடுத்தார். தவறு ஏதும் தங்கள் பக்கம் இல்லையென்று கத்தார் கால்பந்துச் சங்கம் மறுத்தது. மறுக்கட்டும்! வழக்கு என்றால் இரு தரப்பும் இருக்கத்தான் செய்யும். ஆனால் 'இந்தப் பணமே வேண்டாம், ஊருக்காவது போகிறேன்' என்று அவர் பெட்டியைக் கட்டினால் போக முடிந்ததா? அங்கேதான் இருக்கிறது பூட்டு.

அந்நாட்டிலே அன்று நடப்பிலிருந்த முறைக்குக் கபாலா என்று பெயர். அயல்நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவன் நாட்டைவிட்டு வெளியேற, அவனை வேலைக்கு வைத்தவரின் ஒப்புதல் வேண்டும். எண்ணிப் பாருங்கள்! எவர் மீது வழக்கோ, அவர் கையிலேயே வாசற்கதவின் சாவி! வழக்கைக் கைவிட்டால் வெளியே செல்லலாம் என்று தம்மிடம் சொல்லப்பட்டதாகப் பெலூனிஸ் கூறினார். மனைவியோடும் இரண்டு சின்னஞ்சிறு பெண்மக்களோடும் ஓராண்டுக்கும் மேலாகத் தோகாவிலே சிக்கிக் கிடந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணங்கூடத் தம்மை வாட்டியதென்று வெளிப்படையாகவே சொன்னார்.

2013 சூனில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒல்லாந்து தோகாவுக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். குடியரசின் தலைவரே கண்டு பேசியும் கதவு உடனே திறக்கவில்லை! அவ்வாண்டு நவம்பரில் சிதானுக்கும் குவார்டியோலாவுக்கும் பகிரங்கக் கடிதம் தீட்டினார். ஏன் அவ்விருவருக்கு? 2022 உலகக் கோப்பை கத்தாருக்குக் கிடைக்கவேண்டுமெனத் தம் பெயரை ஈந்தவர்கள் அவர்கள்; குவார்டியோலா அந்தத் தோகாவிலேயே ஆடியவர். ஆட்டக்காரர்களின் பன்னாட்டுத் தொழிற்சங்கமான பிஃப்புரோ அவர் பக்கம் நின்றது, ஏடுகள் எழுதின. அந்த நவம்பர் முடியுமுன் கதவு திறந்தது. பாரிசு மண்ணில் கால் வைத்தார்.

எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வளைகுடா நாடொன்றில் எட்டாண்டுகள் உழைத்துத் திரும்பியவர் அவர். வியப்போடு என்னைப் பார்த்து, "பந்தாடுறவனுக்குமா தம்பி எக்சிட் குடுக்கல?" என்றார். சிறிது நேரம் பேசாதிருந்தவர், பிறகு சொன்னார்: "எங்கம்மா செத்தப்ப மூணு வாரம் கெஞ்சுனேன். கபீல் கையெழுத்துப் போடல. கருமாதிக்கு மறுநாள்தான் வீடு வந்தேன்." அவருக்காக எந்த அதிபர் வந்தார்? அவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? பெலூனிசுக்காவது நீதி கேட்க ஒரு தொழிற்சங்கம் இருந்தது, தோழர்களே!

மாறுதல் வந்திருக்கிறது, மறைக்கமாட்டேன். உலகத்தின் கண்கள் அந்த நாட்டின்மீது பதிந்திருந்த காலத்தில், 2018இல், பெரும்பாலான தொழிலாளர்க்கு அந்த வெளியேறும் அனுமதி முறையைக் கத்தார் நீக்கியது. 2020 சனவரியில் வீட்டு வேலை செய்வோர்க்கும் அதை விரித்தது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவும் 2018இல் ஒரு விதி செய்தது: இரண்டு மாத ஊதியம் தராமல் கிளப்பு இழுத்தடித்தால், 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் கேட்டுவிட்டு, ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நடக்கலாம். கருணை பிறந்து எழுதப்பட்ட வரிகளா இவை? பெலூனிசுகள் போட்ட கூச்சல், தொழிற்சங்கம் கொடுத்த குடைச்சல்!

கத்தார் எங்கோ இருக்கிறது என்று பெருமூச்சு விட்டு எழுந்துவிடாதீர்கள். கூடலூர் மலையிலிருந்து இறங்கினால் மலப்புரம். மழை ஓய்ந்த மாதங்களில் அங்கே ஊர்தோறும் இரவு விளக்கின் ஒளியில் ஏழுபேர் கால்பந்தாட்டம். ஆப்பிரிக்க இளைஞர்கள் பலர் பருவத்துக்கு வந்து, ஆட்டத்துக்கு இவ்வளவென்று கூலி பேசி ஆடுகிறார்கள். 2024 மார்ச்சில் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டம் துரத்தித் தாக்கிய காட்சியை நாடே கண்டது. நிறத்தைச் சொல்லி இழித்தார்கள், கல்லெறிந்தார்கள் என்று காவல்துறையிடம் அவர் முறையிட்டார். உதைத்த பந்து வலைக்குள் விழுந்தால் தோளிலே தூக்கும் கூட்டம்தான், தோழர்களே!

அந்த ஏழுபேர் ஆட்டம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஏற்புப் பெறாதது. ஆகவே நான் சொன்ன 15 நாள் விதி அந்த ஆடுகளத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? பருவத்தின் நடுவிலே கூலி நின்றுபோனால் ஊர் திரும்ப விமானச் சீட்டு யார் வாங்கித் தருவது? அவனுடைய பாஸ்போர்ட் இன்று யாருடைய பெட்டியிலே இருக்கிறது?

நீலகிரித் தோழர்களில் அந்த ஆட்டம் காணச் செல்வோர் உண்டு. இங்கேயே சிலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். அடுத்த முறை போகும்போது, நுழைவுச் சீட்டை வாங்கிய கையோடு இந்த மூன்று கேள்விகளையும் போட்டி நடத்துபவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.