தாமதமும் தண்டனையே!

(வேலப்பன்சாவடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் முன்னே ஓடுகிற இந்தச் சாலையைப் பாருங்கள். மேற்கே சென்றால் முதலில் பூவிருந்தவல்லி. அங்கேதான் தடா தனி நீதிமன்றம், 1998 ஜனவரி 28 அன்று, 26 பேருக்கும் ஒரே தீர்ப்பில் தூக்குத்தண்டனை விதித்தது. அடுத்தது திருப்பெரும்புதூர், 1991 மே 21 இரவு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் குண்டுக்கு இரையான ஊர். அதற்கும் அப்பால் வேலூர். பேரறிவாளன் எனும் இளைஞரின் வாலிபத்தை விழுங்கிய சிறைக்கூடம். ஒரு வழக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரே சாலையில் இருக்கிறது!

அந்தக் கொலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. மாண்டவர் குடும்பங்களின் கண்ணீர் நம் கண்ணீருமாகும். நான் கேட்பது ஒன்றே: தண்டிக்கச் சட்டம் உண்டு, சரி, காக்கவைத்து வதைக்க எந்தச் சட்டம் உண்டு?

1991 ஜூன் 11 அன்று கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு பேட்டரிகள் வாங்கித் தந்தார் என்பது குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டேன் என்று, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1999இல் உச்சநீதிமன்றத்தில் 19 பேர் தூக்கிலிருந்து மீண்டு வெளியேறினர். பேரறிவாளன் உள்ளிட்ட நால்வருக்குக் கயிறு உறுதியாயிற்று.

2000ஆம் ஆண்டில் கருணை மனு குடியரசுத் தலைவருக்குச் சென்றது. பதில் வந்தது 2011இல்! பதினோர் ஆண்டுகள், ஒவ்வொரு விடியலும் கடைசி விடியலோ என்று எண்ணிக் கிடப்பதைவிடக் கொடிய தண்டனை ஏது? 2011 செப்டம்பர் 9 தூக்கு நாள் எனக் குறித்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. அந்தத் தாமதத்தையே காரணமாக்கி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்சநீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றியது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2018 செப்டம்பர் 9 அன்று, தூக்குக்குக் குறித்த அதே தேதியில், தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும். ஆனால் கோப்பு கிண்டி மாளிகையில் இரண்டரை ஆண்டு அளவுக்கு உறங்கியது. 2021 ஜனவரியில் விழித்துக்கொண்டு டில்லிக்குப் பயணமாயிற்று!

“இல்லை” என்று எழுதினால் வழக்காடலாம். “ஆம்” என்றால் வீடு திரும்பலாம். இரண்டும் சொல்லாத மௌனத்தை எந்த மன்றத்தில் எதிர்ப்பது? 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் விடை சொன்னது: விளக்கமில்லாத தாமதமும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே, குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்கு அரசியல் சட்டத்தில் ஆதாரமில்லை. 142ஆம் பிரிவின்கீழ் விடுதலையும் தந்தது. பரோலில் வெளிவந்த நாட்களில் அவர்மீது ஒரு புகாரும் இல்லை என்பதையும் நீதிபதிகள் நோக்கினர்.

அமெரிக்காவிலே, பரோல் நிபந்தனையை மீறினான் என ஒருவனை மீண்டும் அடைத்தால், நியாயமான காலத்துக்குள் விசாரித்தாக வேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1972இலேயே மாரிசி வழக்கில் விதித்தது. இரண்டு மாதம் என்றால் அது மிகையாகாது என்று அளவும் காட்டியது. அங்கே மாதக் கணக்கு. இங்கே ஆண்டுக் கணக்கு!

தோழர்களே! பேரறிவாளனுக்கு அற்புதம்மாள் இருந்தார். முப்பத்தோர் ஆண்டுகள் சிறைவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்த தாய் அவர். அத்தகைய தாய் இல்லாத கைதிக்கு யார்? விடுப்பு கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் காணாதவனுக்கு, விடுப்பு முடிந்து ஒரு நாள் பிந்தி வந்து விளக்கம் சொல்லக் காத்திருப்பவனுக்கு யார்?

நாம்தான்! சிறையில் இருப்போர்க்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், வெட்கத்தால் மூடிய அந்தக் கதவைத் தட்டுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். மனு கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். தாமதத்தை மன்றத்திலே நிறுத்தும் முதல் சாட்சி, அந்தத் தேதிதான்!