குழந்தையின் கையில் எந்த நூல்?

(ஐதராபாத் வாழ் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறு பிள்ளைகளுக்கு எத்தகைய நூல்களைத் தேர்ந்தெடுப்பது என்பது குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். இது பெற்றோரின் விருப்பம் சார்ந்த சிறிய விஷயம் எனச் சிலர் கருதலாம். ஆனால், எவர் மதிப்புக்குரியவர், எந்த உழைப்பு இழிவானது, எந்த வீட்டு உணவு வெளியே பேசத் தகாதது என்பவற்றையெல்லாம் ஒருவரும் கற்பிக்காமலேயே கதைகளிலிருந்தும் படங்களிலிருந்தும் குழந்தை கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆகவே, இது நம் இயக்கத்தின் விஷயமும் ஆகும்.

நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான சிறுவர் கதைகளில் வரும் வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை அலுவலகம் செல்வார். தாய் சமையலறையில் இருப்பார். பாட்டி புராணம் சொல்வார். சித்தாள் வேலைக்குச் செல்லும் தாயும், குப்பை அள்ளும் தந்தையும் அங்கே அரிது. இவற்றையே படித்து வளரும் தொழிலாளியின் குழந்தை, கதைக்குரிய வீடு வேறு, தன் வீடு வேறு என்ற முடிவுக்கு வருகிறது. வெட்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மாற்று நாம் வாழும் இந்நகரிலேயே உருவாயிற்று. 1985 முதல் இங்கு இயங்கிவரும் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம், ‘டிஃபரன்ட் டேல்ஸ்’ என்னும் நூல் வரிசையை உருவாக்கியது. 2008இல் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அது வெளிவந்தது. முகம்மது கதீர் பாபுவின் கதையில் ஓர் இஸ்லாமியக் குடும்பம் ஆட்டுத் தலைக்கறி சமைக்கிறது. அதன் மணமும் மகிழ்ச்சியும் எவ்விதக் கூச்சமுமின்றிச் சொல்லப்படுகின்றன. கோகு சியாமளாவின் கதையில், வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் தலித் சிறுமி, அத்துமீற முயலும் நிலவுடைமையாளனை எதிர்த்து வெல்கிறாள். அவ்வீடுகளைச் சேர்ந்த குழந்தைகளுக்கு இக்கதைகள் தலைநிமிர்வைத் தருகின்றன. மற்றக் குழந்தைகளுக்கோ அண்டை வீட்டாரை அறிமுகம் செய்கின்றன.

உஸ்மானியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த காஞ்சா அய்லய்யா, உழைப்பின் மாண்பு குறித்துக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2007இல் வெளிவந்தது. குயவர், நெசவாளர், தோல் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் ஆகியோரின் அறிவை அந்நூல் அறிவு என்றே அழைக்கிறது. அதற்குப் படம் வரைந்தவர் கோண்டு பழங்குடி ஓவியர் துர்காபாய் வியாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கொள்கை சரியாக இருப்பதாலேயே ஒரு நூல் குழந்தைக்கு உகந்ததாகிவிடாது. துண்டறிக்கைக்குப் படம் போட்டுக் கொடுத்தால் குழந்தை அதைக் கீழே வைத்துவிடும். அவ்வாறு செய்வதில் தவறும் இல்லை. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே நம்மை வந்தடைந்த சோவியத் சிறுவர் நூல்களைத் தமிழ்ப் பிள்ளைகள் விரும்பிப் படித்தது ஏன்? அவற்றில் பனியும் கரடியும் குறும்பும் இருந்தன; படங்கள் அழகாக இருந்தன; விலையும் குறைவாக இருந்தது. கதை முடிந்த பின்னர் நீதி சொல்லும் நூல், குழந்தையின் அறிவை நம்பாத நூல்.

தேர்ந்தெடுக்கையில் சிலவற்றைப் பாருங்கள். கதையில் வேலை செய்வோர் யார்? அவர்களுக்குப் பெயர் உண்டா? சிறுமிகள் எதையேனும் தீர்மானிக்கிறார்களா? தீயவர் மட்டும் கறுப்பு நிறத்தில் வரையப்பட்டிருக்கிறாரா? மொழிபெயர்ப்பு நூலாயின் இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நாக்கு தடுக்கும் இடத்தில் குழந்தையின் மனமும் தடுக்கும். மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்டவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

இங்கு நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் உருதும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். இதைச் சுமையாகக் கருத வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே கதை, அதே படங்களுடன் பல மொழிகளில் கிடைக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பிரதி வீதம் வாங்கினால், எழுத்தறியாத தாயும் படத்தைக் காட்டிக் கதை கேட்கலாம். பிள்ளை படித்துக் காட்டும். தமிழுக்குப் பாரதி புத்தகாலயமும், தெலுங்குக்கு 1980இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் புக் டிரஸ்டும் இருக்கின்றன.

2023இல் பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பாடத்தையே நீக்கினார்கள். பள்ளி நூல் நம் கையில் இல்லை; வீட்டு நூல் நம் கையில் இருக்கிறது. ஆயினும் நாள் கூலியில் வாழும் குடும்பம் தனியாக எத்தனை நூல்களை வாங்க இயலும்? எனவே, தோழர்களே, கிளைதோறும் ஓர் அலமாரி அமைப்போம். முதலில் இருபது நூல்கள் போதும். பூட்டு வேண்டாம். நூல் கிழிந்தால் குழந்தையைக் கடிந்துகொள்ளாமல் ஒட்டி வைப்போம். ஞாயிறுதோறும் ஒரு தோழர் ஒரு மணி நேரம் அமர்ந்து வாசித்துக் காட்டட்டும். அப்பொறுப்பை ஏற்போரின் பெயர்களை இக்கூட்டம் கலைவதற்கு முன்னரே பதிவு செய்துகொள்வோம்.