முதுமையிற் செவிமந்தம்

“தகப்பனுக்குச் செவி மந்தம், மகனுக்கும் அதுவே” என்று நம்மவர் சொல்வதுண்டு. இதிற் பாதியே உண்மை.

உட்செவியின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள. ஒலியதிர்வை நரம்புக்குரிய செய்தியாக்குபவை அவையே. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் தோன்றா, கோழிக்கோ தோன்றுகின்றன! கூரிய ஒலிகளை ஏற்கும் கலங்களே முதலிற் பழுதுபடுதலால், முதியவருக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. அதையறியாது அவரைப் பிடிவாதக்காரரென்று பழிக்கிறோம்.

இக்கலங்களின் உறுதி பரம்பரையலகுகளையும் பொறுத்தது. ஆய்வுகூடங்களில் வளரும் ஒருவகைக் கறுப்புச் சுண்டெலி, பெரும்பாலும் ஓரலகின் குறையாலே விரைவிற் செவிப்புலன் இழக்கின்றது. மனிதரிற் பல அலகுகள் சிறிது சிறிதாகப் பங்குகொள்கின்றன.

அலகு மாறாமலே அதன் தொழில் மாறுவதும் உண்டு. நூலின் எழுத்து அழியாதிருக்க, சில பக்கங்கள் ஒட்டுண்டு கிடப்பதுபோல, டீ.என்.ஏ. இழையில் ஒட்டும் மெதயில் கூட்டங்கள் சில அலகுகளை அடக்கிவைக்கின்றன. வயது இவ்வொட்டுக்களை மாற்றுகின்றது; பேரிரைச்சலும் மாற்றுமென விலங்காய்வுகள் காட்டுகின்றன.

சாமுவேல் றோசன் என்ற அமெரிக்கச் செவிமருத்துவர், அந்நாட் சூடானின் மபான் மக்களை ஆராய்ந்து 1962இல் எழுதினார். இரைச்சலற்ற ஊர்களில் வாழ்ந்த அம்முதியோர் நன்கு கேட்டனர். அவர்தம் பரம்பரையும் உணவும் வேறாதலின், அமைதி ஒன்றே காரணமென்று நான் சொல்லத் துணியேன். ஆயினும் இவற்றுள் நம்மாற் குறைக்கத்தக்கது இரைச்சலே.

இப்பேச்சைக் கேட்க உங்கள் வீட்டு முதியவர் வானொலியின் ஒலியைக் கூட்டினாரா? அவரைச் செவி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை கத்தாது, முகம்பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.