குடிவந்தவர் கண்ட யப்பான்

அந்நிய நாடொன்றைப் பற்றி எழுதுவோர் இரு திறத்தினர். கப்பலில் வந்திறங்கி, மூன்று கிழமை சுற்றிப் பார்த்து, ஊர் திரும்பியதும் ஒரு நூல் எழுதிவிடுவோர் ஒரு திறத்தினர். அந்நாட்டிலேயே குடியிருந்து, அயலாரின் நன்மை தீமைகளிற் பங்குகொண்டு, பல ஆண்டுகளின் பின் தம் கருத்தைக் கூறுவோர் மற்றைத் திறத்தினர். முன்னவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிடலாம். பின்னவர் கூற்றையோ ஒதுக்கவும் இயலாது. முழுவதும் ஏற்றுக்கொள்ளவும் இயலாது. அதை எவ்வாறு அளந்து கொள்வது என்பது நின்று சிந்திக்க வேண்டிய ஒரு வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, யப்பானிலே பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே மறைந்த லவ்காடியோ ஹேர்ன் என்பவரின் வாழ்வும் எழுத்தும் பெரிதும் துணைசெய்கின்றன.

ஹேர்ன் 1850 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆம் நாள், அயோனியத் தீவுகளுள் ஒன்றாகிய லெவ்காடாவிற் பிறந்தார். தாய் கிரேக்கப் பெண். தந்தை பிரித்தானியப் படையில் வைத்தியராகப் பணிபுரிந்த ஐரிஷ்காரர். இளமையிலேயே தாயைப் பிரிந்து, டப்ளின் நகரிலே உறவினர் ஒருவரின் பராமரிப்பில் வளர்ந்தார். பதினாறாவது வயதிலே பாடசாலை விளையாட்டுத் திடலில் நேர்ந்த விபத்தில் இடது கண்ணின் பார்வையை இழந்தார். 1869 இல் அமெரிக்கா சென்று, வறுமையோடு போராடிப் பத்திரிகை நிருபரானார். சின்சினாட்டி நகரில் அவர் எழுதிய கொலைச் செய்திகள், குருதியும் கோரமும் நிறைந்த வருணனைகளாற் பெயர்பெற்றவை. பின்னர் நியூ ஒர்லீன்ஸ் நகரிற் பத்தாண்டும், மார்ட்டினிக் தீவிற் சில காலமும் வாழ்ந்துவிட்டு, 1890 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யோக்கோகாமாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மத்சுயே என்னும் சிறு நகரில் ஆங்கில ஆசிரியரானார். அங்கே சாமுராய் குலத்துப் பெண்ணாகிய கொயிசுமி செத்சு என்பாரை மணந்து குடும்பம் நடத்தலானார்.

யப்பானியரின் அன்றாட வாழ்வைப் பற்றி அவர் கூறியவற்றுள், புன்னகையைப் பற்றிய கருத்தே மிகப் புகழ்பெற்றது. அக்காலத்தில் யோக்கோகாமாவில் வாழ்ந்த மேனாட்டார், யப்பானியர் காரணமின்றிச் சிரிப்பவர், நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று குறைகூறி வந்தனர். ஒரு மேனாட்டு மாதின் வீட்டில் வேலைசெய்த யப்பானியப் பெண், ஒருநாள் சிரித்த முகத்துடன் வந்து, தன் கணவன் இறந்துவிட்டதாகவும், ஈமக்கடனுக்குச் செல்ல விடைதர வேண்டும் என்றும் கேட்டாள். மாலையில் அஸ்திக் கலசத்துடன் திரும்பிவந்து, இதுவே என் கணவன் என்று காட்டும்போதும் சிரித்தாள். அந்த மாது இச்சம்பவத்தைப் பெரும் அருவருப்போடு ஹேர்னிடம் கூறினாள்.

ஹேர்ன் அதற்கு வேறு பொருள் கண்டார். தன் துயரைப் பிறர்மேற் சுமத்துவது பண்பன்று என்பது அந்நாட்டார் பிள்ளைப் பருவத்திலிருந்தே கற்கும் பாடம். பெற்றோர் முன்னும், பெரியோர் முன்னும், விருந்தினர் முன்னும் முகத்தை மலர்ச்சியாக வைத்திருப்பது கடமை. ஆகவே அப்பணிப்பெண்ணின் சிரிப்புக்கு, 'என் துயரம் உங்களை வருத்தாதிருக்கட்டும்' என்பதே பொருள் என்று அவர் விளக்கினார். 1894 இல் வெளிவந்த தமது முதல் யப்பானிய நூலில் இதனைத் தனிக் கட்டுரையாக எழுதினார். மேனாட்டு மாது கண்டதும் அதே சிரிப்பு. ஹேர்ன் கண்டதும் அதே சிரிப்பு. அச்சிரிப்பு எத்தகைய வீட்டிலிருந்து வருகின்றது என்பதை, அத்தகைய வீடொன்றில் வாழ்ந்தவரே அறிந்திருந்தார்.

1891 ஆம் ஆண்டின் இறுதியில் ஹேர்ன் குமமோட்டோ நகரின் அரசாங்க உயர்தரப் பாடசாலைக்கு மாறிச் சென்றார். அங்கே அப்போது தலைமையாசிரியராக இருந்தவர் கானோ ஜிகோரோ. ஜுஜுத்சு என்னும் பழைய மற்போர்க் கலையைச் சீர்திருத்தி, யூடோ என்னும் புதிய முறையை வகுத்து, 1882 இலே தோக்கியோவிற் கோடோக்கான் பயிற்சிக்கூடத்தை நிறுவியவர் அவரே. பாடசாலை வளவில் நூறு பாய்கள் விரித்த பெரிய கூடமொன்று இருந்தது. அங்கு மாணவர் பயிலும் ஜுஜுத்சுவை ஹேர்ன் பொறுமையோடு கவனித்தார். கரகோஷம் இல்லை; ஆரவாரம் இல்லை; பார்த்திருப்போர் முகத்திற் சலனமும் இல்லை. உடல் வலிமையில் மிகுந்த மாணவன் ஒருவனைப் பற்றி, அவனுக்குக் கற்பிப்பதே கடினம் என்று ஆசிரியர் கூறியது அவருக்கு வியப்பளித்தது. காரணம் கேட்டபோது, அவன் தன் பலத்தை நம்பி அதனையே பயன்படுத்துகின்றான் என்று விடை வந்தது. எதிரியின் வலிமையை எதிர்த்து நில்லாது, அவ்வலிமையைக் கொண்டே அவனை வீழ்த்துவது இக்கலையின் உயிர்நிலை என்பதை அவர் அவ்விடையிலிருந்து உணர்ந்தார்.

இவ்வளவில் நின்றிருந்தால் அது ஒரு விளையாட்டைப் பற்றிய சிறந்த குறிப்பாக அமைந்திருக்கும். ஹேர்ன் மேலும் இரண்டு படிகள் சென்றார். இத்தகைய கலையைச் சிந்தித்தறிதல் மேனாட்டார் மூளைக்கு இயலாதது என்றார். அன்றியும், யப்பான் நாடே ஒரு ஜுஜுத்சு வீரன் போன்றது. மேனாட்டாரின் புகையிரதம், தந்தி, படைக்கலம், கல்விமுறை ஆகியவற்றைக் கைக்கொண்டு, தன்னியல்பை விடாது, அவர் வலிமையாலேயே தன்னைக் காத்துக்கொள்கின்றது என்றும் கூறினார். 1895 இல் வெளிவந்த நூலொன்றில் இக்கட்டுரை இடம்பெற்றது. அவ்வாண்டிலேதான் யப்பான் சீனாவைப் போரில் வென்றது. ஆகவே அவர் வாக்குப் பலித்தது என்று பலரும் கருதினர்.

காலம் இவ்விரு முடிவுகளையும் சோதித்தது. 1964 ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் யூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒக்டோபர் 23 ஆம் நாள், எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், ஒல்லாந்து நாட்டவரான அன்ரன் கீசிங்க், யப்பானிய வீரர் காமினாகா அக்கியோவைத் தோற்கடித்தார். கலை எவருடைய குலச்சொத்தும் அன்று, முறையாகப் பயின்றவர் எவராயினும் அவருக்கே உரியது என்பது யப்பானியர் கண்முன்னே மெய்ப்பட்டது. ஆயின் அன்று நிகழ்ந்த மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. வெற்றிக் களிப்பினால் ஒல்லாந்தர் சிலர் களத்துப் பாயை நோக்கி ஓடிவந்தனர். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார்; தோற்றவருக்கு வணக்கம் செலுத்திய பின்னரே களத்தைவிட்டு நீங்கினார். குமமோட்டோக் கூடத்தில் ஹேர்ன் கண்ட அடக்கம் அங்கே ஒரு மேனாட்டாரிடம் காணப்பட்டது. அவர் கண்ணாற் கண்டது நிலைத்தது. இனத்தைப் பற்றி ஊகித்தது வீழ்ந்தது.

நாட்டைப் பற்றிய உவமையும் அவ்வாறே முடிந்தது. எதிரியின் பலத்தோடு நேருக்கு நேர் மோதாதே என்பது ஜுஜுத்சுவின் முதற்பாடம். 1941 இலே தன்னிலும் பன்மடங்கு தொழில்வளம் படைத்த நாட்டோடு போர் தொடுத்த யப்பானிய ஆட்சியாளர் அப்பாடத்தையே மறந்தனர். 1945 இல் நாடு சாம்பலாயிற்று. விளையாட்டுக் களத்திற் காணும் குணத்தை ஒரு தேசத்தின் விதியாக எழுதிவிடுதல் எவ்வளவு பிழையானது என்பதற்கு இது சான்று.

இனி, செய்திகளை அவர் நோக்கிய விதத்தைக் காணலாம். ஹேர்ன் அடிப்படையிற் பத்திரிகையாளர். 1894 இன் இறுதியிற் கோபே நகரஞ் சென்று, ஆங்கிலப் பத்திரிகையொன்றிலே தலையங்கம் எழுதினார். கண்ணோய் காரணமாக அதனை நெடுங்காலம் தொடர இயலவில்லை. அவர் நூலொன்றில், குமமோட்டோப் புகையிரத நிலையத்தில் 1893 இல் நிகழ்ந்ததாக ஒரு சம்பவம் கூறப்படுகின்றது. பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்று தப்பியோடிய திருடன், நான்கு ஆண்டுகளின் பின் பிடிபட்டு அங்கே கொண்டுவரப்படுகின்றான். பெருங்கூட்டம் கூடியிருக்கின்றது. அதிகாரி, இறந்தவரின் மனைவியை முன்னே அழைத்து, அவள் முதுகிலிருந்த சிறுவனிடம், உன் தந்தையைக் கொன்றவன் இவனே, நன்றாகப் பார் என்கின்றார். தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளை அது. கண்ணீர் வழிய அப்பிள்ளை உற்று நோக்கிய பார்வையைத் தாங்க மாட்டாது, கொலைஞன் நிலத்தில் விழுந்து மன்னிப்பு வேண்டிக் கதறுகின்றான். பழிவாங்க வந்திருப்பார்கள் என்று எண்ணப்பட்ட கூட்டம் வழிவிட்டு விம்முகின்றது. காவலரின் கண்ணிலும் நீர் நிறைகின்றது.

சின்சினாட்டியிற் கொலையின் கோரத்தை எழுதிய அதே பேனா, இங்கே கொலையை இரண்டொரு வரியிற் சொல்லிவிட்டு, கூடி நின்ற மக்களின் நெஞ்சத்தை எழுதிற்று. செய்தியை நோக்கும் கண்ணையே யப்பானிய வாழ்வு மாற்றிவிட்டது எனலாம்.

அவர் ஒரு செய்தியைக் கையாண்டதன் பயன் இலங்கைக் கரையோர மக்களுக்கும் தொடர்புடையது. 1896 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள் யப்பானின் வடகிழக்குக் கரையைப் பேரலை தாக்கி, ஏறத்தாழ 22,000 உயிர்களைக் கொண்டது. அதன் பின்னர் ஹேர்ன் பழைய நிகழ்ச்சியொன்றைக் கதையாக எழுதி, 1897 இல் வெளியிட்டார். கடல் திடீரென உள்வாங்குகின்றது. ஊர்மக்கள் அவ்வதிசயத்தைக் காணக் கரைக்கு ஓடுகின்றனர். குன்றின்மேல் வாழும் முதியவரொருவர், தம் பாட்டனார் முன்பு சொன்னதை நினைவுகூர்ந்து, அறுவடை செய்து குவித்த தமது நெற்போர்களுக்கே தீ மூட்டுகின்றார். தீயணைக்க மேலே ஓடிவந்த நானூறு பேரும் பிழைக்கின்றனர். சுனாமி என்னும் யப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிய முதற் சிலருள் ஹேர்னும் ஒருவர்.

உண்மை வரலாறு சிறிது வேறானது. 1854 இலே ஹிரோ என்னும் ஊரில், ஹமகுச்சி கொரியோ என்பவர் வைக்கோற் போர்களைக் கொளுத்தியது, அலைவந்த இரவின் இருளில் தத்தளித்தோருக்கு மேட்டுநிலத்து வழியைக் காட்டுவதற்காகவாகும். அப்போது அவர் முதியவரும் அல்லர். அவர் பின்னர்த் தம் பொருளைச் செலவிட்டு எழுப்பிய அணை, 1946 ஆம் ஆண்டுப் பேரலையின்போது ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. ஹேர்ன் அணையைச் சொல்லவில்லை; தீயையே சொன்னார். எனினும் அக்கதை யப்பானிய மொழிக்குத் திரும்பிச் சென்று, 1937 முதல் 1947 வரை பாடசாலை வாசிப்பு நூலில் இடம்பெற்றது. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை யப்பானியச் சிறுவர் அதிற் படித்தனர். அந்நிகழ்ச்சியின் பழைய பஞ்சாங்க நாளாகிய நவம்பர் 5 ஐ உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் அறிவித்தது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், இலங்கைக் கரையிற் சிலவிடங்களிலும் கடல் உள்வாங்கிற்று. வெளிப்பட்ட மணலைக் காண மக்கள் இறங்கிச் சென்றனர். அன்று இத்தீவில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்கு அக்கதையைச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

ஹேர்ன் 1896 இல் யப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று, கொயிசுமி யாக்குமோ ஆனார். தம் மறைவுக்குப் பின் மனைவி மக்களின் உரிமைக்குப் பங்கம் நேராதிருத்தலே அதன் முதன்மை நோக்கம். தோக்கியோப் பல்கலைக்கழகத்திலே ஆங்கில இலக்கியம் கற்பித்து, 1903 இல் அப்பதவியை இழந்தார். யப்பானிய எழுத்தைச் சரளமாகப் படிக்க அவருக்கு இறுதிவரை இயலவில்லை. மனைவி பழங்கதைகளை நூலைப் பார்த்து வாசித்தால் அவருக்குப் பிடிக்காது. அவள் தன் சொந்தச் சொற்களிற் சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும். அவருடைய புகழ்மிக்க கதைகள் பல அவ்வாறு பிறந்தவை. அவர் நண்பராயிருந்த சேம்பர்லின் என்னும் அறிஞர், ஹேர்ன் கண்ட யப்பான் பெரிதும் அவர் கனவே எனப் பிற்காலத்திற் கருதினார். அக்குறை முற்றிலும் பொய்யன்று.

ஆயினும் அக்குறையை முதலில் உணர்ந்தவர் ஹேர்னே. மத்சுயேயில் எல்லாம் தேவலோகமாகத் தோன்றிற்று. குமமோட்டோவில் மனக்கசப்பு உண்டாயிற்று. 1904 செப்டெம்பர் 26 ஆம் நாள் அவர் மறைந்தபின் வெளிவந்த இறுதி நூலில், யப்பானிய நண்பரொருவர் கூறியதை அவர் எடுத்துரைக்கின்றார். இன்னும் சில ஆண்டுகளில் எங்களை விளங்கிக்கொள்ளவே இயலாது என்று நீர் உணர்வீர். அப்போதுதான் எங்களைச் சிறிது அறியத் தொடங்குவீர் என்பது அந்நண்பர் வாக்கின் சாரம். பதினான்கு ஆண்டுகளின் முடிவில் ஹேர்ன் அதனை ஒப்புக்கொண்டார்.

அந்நியர் ஒருவர் கருத்தை அளக்கும் கோல் இதிலேயே கிடைக்கின்றது. ஒரு பணிப்பெண்ணின் சிரிப்பு, ஒரு மாணவனின் தோல்வி, ஒரு பிள்ளையின் பார்வை என அவர் அருகிருந்து கண்டவற்றை நம்பலாம். ஓரினம் முழுவதற்கும் அவர் விதித்த தீர்ப்புக்களைக் காலத்தின் கையில் விட்டுவிடலாம். யப்பானைப் பற்றி அந்நியர் கூறியதற்கு ஏற்ற இவ்வளவு, நம் அயலாரைப் பற்றி நாம் கூறுவதற்கும், நம்மைப் பற்றி அவர்கள் கூறுவதற்கும் பொருந்தும்.